ஃபேன் இரையுது, லேப்டாப் நகர மாட்டேங்குது: ஸ்க்ரூவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

லேப்டாப் மெதுவாகிவிட்டது, ஃபேன் வேறு இரைகிறது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கிற முதல் பதில், "ஃபார்மட் போட்டுடலாம் சார்." அதற்கு நாம் தயங்கினால் இரண்டாவது பதில், "சர்வீஸ் பண்ணி பேஸ்ட் மாத்திடலாம்." பேஸ்ட் என்பது சிப்பின் சூட்டை, அதை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பசை. இரண்டுமே சில நேரம் சரியான வைத்தியம்தான். ஆனால் ஹீட் சிங்க்கில் அடைத்திருக்கும் தூசு ஃபார்மட்டால் போகாது. 4 ஜிபி ரேமில் திணறும் விண்டோஸுக்குப் புதுப் பேஸ்ட் ஒன்றும் செய்யாது. சிபியு, அதாவது லேப்டாப்பின் முக்கியச் சிப், எவ்வளவு வேலை செய்கிறது, எந்த வேகத்தில் செய்கிறது, எவ்வளவு சூட்டில் செய்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் எந்த வைத்தியம் என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும். அது தெரியும்வரை ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டியதில்லை.

வீடுகளில் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிப்பை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: 2017-இல் வந்த இன்டெல் கோர் ஐ5-8250யு. அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (தேவைப்படும்போது தானாக ஏறும் வேகம்) அதிகபட்சம் 3.4. இதன் மின் கணக்கு 15 வாட். ஆனால் திடீரென்று வேலை வந்தால் சில நொடிகளுக்கு அதைவிட அதிகமாக எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. இன்டெல் வைத்திருக்கும் வழக்கமான கால அளவு 28 நொடி. பிறகு 15-க்கு இறங்கிவிடும். அதனால் ஒரு பெரிய ஃபைலைத் திறந்ததும் அரை நிமிடம் ஃபேன் இரைந்துவிட்டு அடங்கினால் அது கோளாறு இல்லை. அடங்காமல் இரைவதும், இரையும்போதே மவுஸ் அம்பு தடுக்கித் தடுக்கிப் போவதும்தான் கவனிக்க வேண்டியவை. 100 டிகிரியைத் தொட்டால் இந்தச் சிப் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும்; பல கம்பெனிகள் அந்த எல்லையை இன்னும் சில டிகிரி கீழேயே வைத்து அனுப்புகின்றன.

எண்களை எடுப்பது எப்படி

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். முதல் பக்கத்தில் சிபியு சதவீதத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவது வழக்கம். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியுவைத் தொட்டால் 'ஸ்பீட்' என்ற எண் ஓடிக்கொண்டிருக்கும். அருகில் 'பேஸ் ஸ்பீட்' மாறாமல் நிற்கும். வேலை நடக்கும்போது முதலாவது இரண்டாவதைவிடக் கீழே கிடந்தால் சிப்பை ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். சும்மா இருக்கும்போது 0.8 காட்டினால் பயப்பட வேண்டாம். அது மின்சாரம் மிச்சம் பிடிப்பது.

அதே பக்கத்தில் 'அப் டைம்' என்று இருப்பதையும் பாருங்கள். தினமும் ஷட் டவுன் செய்பவர்களின் லேப்டாப்பில்கூட அது பல நாள் காட்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும்போது ஷட் டவுன் என்பது பாதி உறக்கம்தான். விண்டோஸின் உள்பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் மீண்டும் எழுகிறது. உண்மையாகப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். இது ஒன்றிலேயே தீர்ந்துபோகிற புகார்களும் உண்டு.

சிபியுவின் சூட்டை டாஸ்க் மேனேஜர் காட்டாது. அதற்கு ஹெச்டபிள்யூ இன்ஃபோ அல்லது கோர் டெம்ப், இரண்டும் இலவசம். முதலாவதில் 'சென்சார்ஸ் ஒன்லி' என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சிபியுவுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரின் சூடும், 'தெர்மல் த்ராட்லிங்' (சூட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வது) நடந்ததா இல்லையா என்பதும், ஃபேனின் சுற்று வேகமும் (எல்லா மாடலிலும் அல்ல) ஒரே இடத்தில் கிடைக்கும்.

சுமை கொடுக்கப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஃபைல்களைச் சுருக்கும் 7-ஜிப்பிலேயே டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் இருக்கிறது. லேப்டாப்பை மேசைமேல் வைத்து, சார்ஜரைச் செருகி, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். தொடங்கும் முன், முப்பதாவது நொடியில், பத்தாவது நிமிடத்தில் என்று மூன்று முறை வேகத்தையும் சூட்டையும் குறித்துக்கொண்டால் போதும். அறையின் சூட்டையும் பக்கத்தில் எழுதுங்கள். நெட்டில் படிக்கிற "சும்மா இருக்கும்போது 40 டிகிரி" என்பதெல்லாம் பெரும்பாலும் 22 டிகிரி மாதிரியான குளிர்ந்த அறையில் எடுத்தது. அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மே மாதத்தில் 36 டிகிரி அறையில் சும்மா இருக்கும்போது 55 காட்டினால் அது நல்ல லேப்டாப்தான்.

எண்கள் சொல்வது என்ன

சிபியு ஓயாமல் 60, 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, வேகமும் 2.5-க்கு மேல், சூடு 80 முதல் 90 வரை என்றால் உடம்பில் கோளாறில்லை. யாரோ உள்ளே வேலை வாங்குகிறார்கள். யாரென்று ப்ராசஸஸ் பக்கத்தில் சிபியு தலைப்பைத் தட்டினால் மேலே வந்து நிற்பார்.

அடிக்கடி வருகிற பெயர்கள் சில. 'ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' விண்டோஸ் டிஃபெண்டரின் ஸ்கேன். 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' அப்டேட் வேலை. இவை இரண்டும் முடிந்தால் அடங்கிவிடும். மாதத்துக்கு ஒருமுறை திறக்கிற லேப்டாப்பில் அப்டேட், ஸ்கேன், தேடல் பட்டியல் தயாரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் பாயும்; திறந்த ஐந்தாவது நிமிடத்தில் "ரொம்ப ஸ்லோ" என்று தீர்ப்பு எழுதினால் அது நியாயமில்லை. சார்ஜரில் போட்டு, நெட் கொடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு பாருங்கள். டிஃபெண்டர் இருக்கும்போதே இன்னொரு இலவச ஆன்ட்டிவைரஸும் அதற்குமேல் ஒரு 'பிசி க்ளீனர்' மென்பொருளும் வைத்திருந்தால், க்ளீனரை முதலில் நீக்குங்கள். அது வேகத்தைக் கூட்டி இதுவரை பார்த்ததில்லை.

பிரவுசர் என்றால் எந்தத் தாவல் என்று தெரிய வேண்டும். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் அதற்கென்று தனி டாஸ்க் மேனேஜர் வரும். யூடியூப் ஓடும்போது மட்டும் ஃபேன் கத்துகிறதா? வீடியோவின்மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பாருங்கள். கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) இடத்தில் ஏவி01 என்று இருந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். ஏவி1 வீடியோவைத் தனி வன்பொருளில் பிரிக்கும் வசதி இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய சிப்கள் அத்தனையையும் சிபியுவாலேயே செய்ய வேண்டும். யூடியூப் கணக்கின் ப்ளேபேக் அமைப்பில் ஏவி1-ஐக் குறைந்த தரத்துக்கு மட்டும் என்று மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு விசித்திரமான அறிகுறி: சும்மா கிடக்கும்போது ஃபேன் முழு வேகத்தில் இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே அடங்கிவிடுகிறது, மூடினால் மீண்டும் இரைகிறது. கள்ளத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் மால்வேர்களில் சில, டாஸ்க் மேனேஜரைக் கண்டதும் பதுங்கும்படியே எழுதப்பட்டவை. கிராக் செய்த விண்டோஸ், ஆக்டிவேட்டர், இலவசமாக இறக்கிய விலையுயர்ந்த மென்பொருள் இவற்றோடு வீட்டுக்குள் வரும். டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்ற வசதி இருக்கிறது. விண்டோஸ் எழும்பும் முன்பே அது தேடும். அதிலும் போகவில்லை என்றால், ஆம், இங்கேதான் ஃபார்மட் சரியான பதில். திரும்பவும் அதே பென் டிரைவிலிருந்து அதே கிராக்கைப் போட்டால் மட்டும் பயனில்லை.

இப்போது இரண்டாவது நிலை. சுமை கொடுத்தால் சூடு 95-க்கு மேல் போய் ஒட்டிக்கொள்கிறது, வேகம் 1.6-க்கும் கீழே 1.2, 1.0 என்று இறங்குகிறது, ஃபேன் விமானம் கிளம்புவதுபோல் இரைகிறது. மெதுவாவதும் இரைவதும் ஒரே காரணத்தால் நடக்கிற நிலை இதுதான். தூசா, பேஸ்ட்டா என்பதை மூடியைத் திறக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

பெஞ்ச்மார்க்கைத் தொடங்கிய இரண்டு மூன்று நொடியிலேயே 50-லிருந்து 95-க்குத் தாவி, நிறுத்தியதும் அதே வேகத்தில் 60-க்கு விழுந்தால், சிப்பிலிருந்து சூடு ஹீட் சிங்க்குக்கே போய்ச் சேரவில்லை. பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை. அப்போது பக்கவாட்டுத் துளையில் கை வைத்தால் வெளியே வரும் காற்று பெரிதாகச் சுடாது. ஒரு கோர் 95, இன்னொன்று 80 என்று கோர்களுக்குள் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் நிலைத்து நிற்பதும் பேஸ்ட் பக்கமே கை காட்டும். மாறாகச் சூடு மெதுவாக, நிமிடக் கணக்கில் ஏறிக்கொண்டே போய், நிறுத்திய பிறகும் மெதுவாகவே இறங்கினால், சூடு ஹீட் சிங்க் வரை வந்துவிட்டது. வெளியே போக வழியில்லை. துளையில் வரும் காற்று கொதிக்கும், ஆனால் பலமிருக்காது. தூசு.

மூன்றாவது நிலையைப் பலரும் தவறவிடுகிறார்கள். சூடு 50 டிகிரிதான். ஃபேன்கூடச் சத்தமில்லை. ஆனால் என்ன சுமை கொடுத்தாலும் வேகம் 0.4 அல்லது 0.8-ஐத் தாண்டவே இல்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உடனே வேகம் ஏறினால் குற்றவாளி சார்ஜர். பல லேப்டாப்கள் சார்ஜரின் நடுவிலுள்ள மெல்லிய பின் வழியாக அது எத்தனை வாட் என்று கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. பின் வளைந்தாலோ, ஒயர் உள்ளே அறுந்தாலோ, டூப்ளிகேட் சார்ஜர் என்றாலோ பதில் வராது. பதில் வராத சார்ஜரை நம்பாமல் சிப்பைக் கட்டிப்போட்டுவிடும். பெரும்பாலும் பேட்டரியும் சார்ஜ் ஏறாது. 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜர் செருகினாலும் இதே மாதிரி நடக்கலாம். இதற்கு ஃபார்மட் போட்டுக் காசு வாங்கிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

நான்காவது: சிபியு 10 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். இதைக் கடைசியில் பார்ப்போம்.

மூடியைத் திறக்கும் முன்

லேப்டாப்பைச் சமமான மேசையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடுகிறதா? டச் பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா, கிளிக் ஆக மறுக்கிறதா? பேட்டரி உப்பியிருக்கும். அதைக் குத்தவோ அழுத்தி உட்கார வைக்கவோ கூடாது. சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுவதுதான் முதல் வேலை.

உப்பவில்லை என்றால், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இல்லாமல் முழுதாக அணையும். தேவைப்படுவது பிஹெச்0, பிஹெச்00 அளவு ஸ்க்ரூ டிரைவர்கள், மூடியை நெம்பப் பழைய ஏடிஎம் கார்டு, ஸ்க்ரூக்களை வைக்க ஒரு தட்டு, காகிதம். காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் அது கை வைக்கும் பக்கத்துப் பிளாஸ்டிக்கைப் பொத்துக்கொண்டு வெளியே தெரியும். சில மாடல்களில் ரப்பர் கால்களுக்கு அடியிலும், டிவிடி டிரைவ் இருக்கும் மாடல்களில் அதைக் கழற்றிய பிறகு தெரியும் இடத்திலும் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். மூடி வரவில்லை என்றால் பலம் போடாதீர்கள். எங்கோ ஒன்று மிச்சமிருக்கிறது.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் உடலை நகத்தால் நகர்த்த வேண்டும். பிறகு பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். கீபோர்டு, டச் பேட் நாடா கேபிள்கள் வழியில் வந்தால் அவற்றின் கனெக்டரில் உள்ள மெல்லிய மடல் நிமிர்கிற வகையா, நகர்கிற வகையா என்று பார்த்த பிறகே தொடுங்கள். லேப்டாப் சர்வீஸில் பேஸ்ட்டைவிட அதிகம் நாசமாவது இந்த மடல்கள்தான்.

தூசு

வெளியிலிருந்து ப்ளோயர் அடிப்பது ஏன் பலன் தருவதில்லை என்பது உள்ளே பார்த்தால்தான் புரியும். தூசு ஃபேனின் இறக்கைகளில் கொஞ்சம்தான் இருக்கும். ஃபேனுக்கும் ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில்தான், முடியும் நூலும் பின்னிய பட்டையாக, தகடுகளின் முகம் முழுவதையும் மூடிக்கொண்டு கிடக்கும். வெளித் துளை வழியே காற்றடித்தால் அந்தப் பட்டை நகர்ந்து ஃபேனுக்குள் விழும். ஃபேன் சுழன்றதும் திரும்ப அதே இடத்தில் போய் ஒட்டும். அதனால் ஃபேனைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் மூன்று நான்கு சிறு ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், அவ்வளவுதான். கழற்றியதும் பட்டையைச் சாமணத்தால் முழுசாக உரித்து எடுத்துவிடலாம்.

பிறகு மிச்சத்தைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் தட்டுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அது தன் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். போர்டில் செருகிய நிலையில் சுழன்றால் அது ஒரு சிறு டைனமோவாகி போர்டுக்கே மின்சாரம் அனுப்பும். வீட்டு வாக்குவம் க்ளீனரின் குழாயைப் போர்டுக்குள் விடாதீர்கள். நிலை மின்சாரம் சேரும்.

திருப்பூர், ஈரோடு பக்கம் பஞ்சும் நூலும் பறக்கிற இடங்களில் ஓடும் லேப்டாப்பையும், அடுக்குமாடியில் ஏசி அறையில் ஓடுவதையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. முதலாவதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படலாம். இரண்டாவது இரண்டு வருடம் தாங்கும். கொசுவர்த்திப் புகை, சமையல் எண்ணெய்ப் புகை படிந்த தூசு பிசுபிசுப்பாக இருக்கும், பிரஷ்ஷுக்கு வராது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸ் வேண்டும். கரப்பான் குடியிருந்த லேப்டாப்களும் வரும். வெதுவெதுப்பும் இருட்டும் அவற்றுக்குப் பிடித்தமானவை. எச்சம் போர்டில் பட்டிருந்தால் தூசு தட்டுவதோடு விடாமல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ஈரத்தில் அது செம்புக் கோடுகளை அரிக்கும்.

எண்கள் தூசு என்று மட்டும் சொல்லியிருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஹீட் சிங்க் தனி, ஃபேன் தனி என்று இருக்கும் மாடலில், நன்றாக இருக்கும் பேஸ்ட்டைக் "கையோடு மாத்திடலாம்" என்று கிளற வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் ஒரே துண்டாக வந்தால் வேறு வழியில்லை. தூக்கிய ஹீட் சிங்க்கைப் பழைய பேஸ்ட்டோடு திரும்ப வைக்கக் கூடாது.

பேஸ்ட்

ஹீட் சிங்க்கின் ஸ்க்ரூக்கள் அருகே 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது 4-லிருந்து 1-க்கு, மாட்டும்போது 1-லிருந்து 4-க்கு, அதுவும் ஒவ்வொன்றையும் கால் வாசி, அரை வாசி என்று சுற்றி வந்து இறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் லேப்டாப் சிப் மூலையில் விரிசல் விட்டுவிடலாம். டெஸ்க்டாப் சிப்மேல் உள்ள உலோக மூடி இதற்குக் கிடையாது. கண்ணாடிபோல் மின்னும் சிலிக்கான் அப்படியே வெளியே இருக்கும்.

பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் கொண்டு துடைக்கவும். சானிடைசரோ ஆஃப்டர் ஷேவ் லோஷனோ வேண்டாம். அவற்றில் தண்ணீரும் வாசனை எண்ணெயும் இருக்கும். புதுப் பேஸ்ட் ஒரு அரிசி அளவு, பெரிய சிப்புக்கு இரண்டு அரிசி. டெஸ்க்டாப்பில் நடுவில் ஒரு புள்ளி வைத்து அழுத்திவிடலாம். லேப்டாப் சிலிக்கான் நீள்சதுரமாக இருப்பதால் மூலைகள் விட்டுப்போகும். சின்ன பிளாஸ்டிக் துண்டால் முழு முகத்திலும் மெல்லிசாகப் பரப்புவதே நல்லது. ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கினால் மின்சாரம் கடத்தாத சாதாரண பேஸ்ட்டால் ஆபத்தில்லை. லிக்விட் மெட்டல் மட்டும் வேண்டவே வேண்டாம். மின்சாரம் கடத்தும், அலுமினியத்தைத் தின்றுவிடும்.

நீர்த்த பேஸ்ட்டில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. சிப் சூடாகி ஆறுவது தினமும் பல முறை நடப்பதால், ஒவ்வொரு முறையும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் வறண்டுபோகும். சில மாதத்திலேயே பழைய சூடு திரும்பி வந்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 என்கிற தாள் ஏறக்குறைய 45 டிகிரியில் இளகிப் படிந்துகொள்ளும்; வெளியே ஓடாது. கொஞ்சம் செலவு கூடும், போலியும் உலவுகிறது. ஆனாலும் தினமும் சுமையில் ஓடும் லேப்டாப்புக்கு எங்கள் தேர்வு அதுதான்.

கிராஃபிக்ஸ் நினைவகத்தின்மேலும் மின் சுருள்களின்மேலும் ஒட்டியிருக்கும் ரப்பர் மாதிரிப் பட்டைகள் தெர்மல் பேட். கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். மாற்றுவதானால் தடிமனை அளந்து அதே அளவில்: 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் என்று வரும். 1 இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட் சிங்க் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொள்ளும். புதுப் பேஸ்ட் போட்ட பிறகு சூடு கூடிவிட்டது என்ற விந்தைக்கு இது ஒரு காரணம். மற்றொன்று, ஸ்க்ரூ சமமாக இறுகாதது. மூன்றாவது, ஃபேன் கனெக்டரைச் செருக மறந்தது. திங்க்பேட்களில் இது நடந்தால் 'ஃபேன் எரர்' என்று காட்டும். ஹெச்பியில் 90பி என்ற பிழை வரும். எல்லா லேப்டாப்பும் இப்படிச் சொல்லாது.

ஃபேனின் சத்தம்

உஸ்ஸென்ற காற்றுச் சத்தம் சூட்டின் கணக்கு. சூடு குறைந்தால் குறையும். கரகரவென்று அரைப்பதும், குளிர்ந்த நிலையில் ஆன் செய்ததும் சில நொடி கர்ரென்று உறுமிவிட்டு அடங்குவதும் பேரிங் தேய்மானம். டிக்டிக்கென்று சீராக அடித்தால் இறக்கை உடைந்திருக்கும் அல்லது ஒயர் ஒன்று உரசும். ஒயர் உரசுவது என்றால் நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். லேப்டாப்பைச் சாய்த்தால் சத்தம் மாறுகிறதென்றால் தண்டு ஆடுகிறது.

தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தண்டில் விட்டால் அரைப்பது நிற்கும். சில வாரமோ சில மாதமோ தாங்கும், அதுவரை புது ஃபேனைத் தேடலாம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். குளிரில் உறையும், சூட்டில் பிசினாகும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே இருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும். புது ஃபேன் வாங்கும்போது லேப்டாப் மாடலை மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாற வாய்ப்புண்டு: அதே மாடலில் தனி கிராஃபிக்ஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறு வேறு ஃபேன். ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் எண், கனெக்டரில் 3 பின்னா 4 பின்னா, ஒயர் எந்தப் பக்கம் வருகிறது இவற்றைப் படமெடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ போங்கள்.

சிப் 45 டிகிரியில் குளுகுளுவென்று இருக்க, ஃபேன் மட்டும் முழு வேகத்தில் ஓடினால் அது கட்டுப்பாட்டுச் சிப்பின் குழப்பம். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்ப ஆன் செய்யுங்கள். தீராவிட்டால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருள்) அப்டேட். அதற்கு முன்பு மைக்ரோசாஃப்ட் கணக்கில், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் வசதியின் ரெகவரி கீ (திறக்கும் சாவி எண்) இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். நாமாகப் போடாவிட்டாலும் பல புது லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது. பயாஸ் மாறியதும் அது சாவி கேட்கலாம். சாவி இல்லையென்றால் உள்ளே உள்ள படங்களும் ஃபைல்களும் இல்லை.

திறக்காமலே கொஞ்சம் குறைக்க

பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு அமைப்புக்குள் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்பதை 100-லிருந்து 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும். ஃபேன் சத்தம் சட்டென்று இறங்கும். வேர்டு, மெயில், ஆன்லைன் வகுப்புக்கு வேகம் குறைந்ததே தெரியாது. வீடியோ எடிட் செய்பவர் உடனே உணர்வார். சில புது மாடல்களில் இந்த வரி மறைந்திருக்கும். அங்கே கம்பெனியின் சொந்த ஆப்பில் 'க்வயட்' என்றொரு நிலை இருக்கும்.

மெத்தை, தலையணை, மடி மூன்றும் அடிப்பக்கக் காற்றுத் துளையை மூடிவிடும். மேசையில் வைத்தாலும் பின்பக்கம் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை முட்டுக்கொடுத்தால் சில டிகிரி குறைவதை எண்ணிலேயே பார்க்கலாம். ஃபேன் வைத்த கூலிங் பேட் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான், கூடுதல் சத்தத்தோடு.

டிஸ்க் 100 சதவீதம் காட்டினால்

இந்த நிலையில் ஃபேனும் தாமதமும் வேறு வேறு புகார்கள். 5400 சுற்று ஹார்ட் டிஸ்க்கில் தேடும் இடம் ஊசிக்குக் கீழே சுழன்று வரவே சராசரி 5.6 மில்லி நொடி ஆகும்; ஊசி நகரும் நேரம் தனி. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் நொடிக்கு நூறு முறைகூட அதனால் எடுத்துத் தர முடியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் செருகும் அதே சாட்டா இணைப்பில் வரும் சாதாரண வகைகூட, பல்லாயிரம் முறை தரும். விண்டோஸ் 10-உம் 11-உம் பின்னணியில் ஓயாமல் சிறு சிறு ஃபைல்களைக் கேட்பவை. எனவே ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் லேப்டாப்பில் செலவழிக்க ஒரே ஒரு தொகைதான் இருக்கிறதென்றால் எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள், ரேமுக்கு அப்புறம்.

அதற்கு முன்பு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். 05, சி5, சி6 என்ற வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் டிஸ்க்கில் பழுதான இடங்கள் வரத் தொடங்கிவிட்டன. அன்றைக்கே முக்கியமானவற்றை வேறிடத்துக்கு நகலெடுங்கள். பழுதான டிஸ்க்கை அப்படியே குளோன் செய்வதைவிட விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே மேல்.

2.5 அங்குல டிஸ்க் இருந்த இடத்தில் 7 மில்லிமீட்டர் சாட்டா எஸ்எஸ்டி நேராக உட்காரும். எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் அது சாட்டா மட்டுமா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையையும் ஏற்குமா என்று மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்க்க வேண்டும்; சாட்டா மட்டும் பேசும் ஸ்லாட்டில் என்விஎம்இ-யைச் செருகினால் அது கண்ணுக்கே தெரியாது.

ரேமுக்கு டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கம். எதையும் திறக்காதபோதே 70, 80 சதவீதம் என்றால் போதவில்லை. மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறது, டிஸ்க் 100 காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 ஆஃப் 2 என்றால் இன்னொன்று போடலாம். ஆனால் போர்டிலேயே சோல்டர் செய்த ரேமையும் சில மாடல்கள் ஸ்லாட் என்றே காட்டும், திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ரேம் ரகங்களான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் இடத்தில் ஒன்று நுழையாது. 1.5 வோல்ட் டிடிஆர்3-இலும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல்-இலும் ரேம் பட்டையின் அடியிலுள்ள வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் நுழையும், ஆனால் 1.35 வோல்ட் மட்டும் தரும் போர்டில் 1.5 வோல்ட் ரேம் எழும்பாது.

2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் பழையவை இன்னும் பல வீடுகளில் அலமாரியில் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க், குறைந்த ரேம், பல வருடத் தூசு என்று மேலே சொன்ன எல்லாம் அவற்றில் ஒன்றாக இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏற்காது. இவற்றுக்கு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 4 அல்லது 8 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினால் பாடம் படிக்கவும் டைப் அடிக்கவும் நன்றாகவே ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். புதுப் பேட்டரிக்கும் சேர்த்துச் செலவு செய்வதா என்பதை மட்டும் ஃபேன் பேரிங் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அத்தனை பழைய மாடலுக்குச் சரியான ஃபேன் கிடைப்பதுதான் கஷ்டம்.